மருத்துவ நிபுணர் ஆவதற்கு மதிப்பெண் மட்டும் போதுமா?



ஜார்ஜ்டவுனில் பதிவு செய்யப்பட்ட எங்கள் தொலைக்காட்சி அரங்கத்தில் இம்முறை எடுத்துக்கொண்ட தலைப்பு, ‘மருத்துவம் முடித்த பிள்ளைகள் அடுத்து எங்கே?’ என்பது. நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைத்த பிறகும் கூட்டம் கலையவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நான்காக மடித்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். அவருடைய மகன் அரசு மருத்துவமனையில் மருத்துவ அதிகாரி. எம்.ஆர்.சி.பி. முதல் பகுதித் தேர்வு எழுதியிருக்கிறார். தாளில் இருந்த எண் 531. தேறுவதற்கு வேண்டியது 540.

“எஸ்.பி.எம்.ல எல்லாம் ஏ எடுத்த பையன்மா. இப்ப நூத்துக்கு அம்பத்து மூணுதான் எடுத்திருக்கான். படிப்பு மேல கவனம் போயிருச்சு. ஒம்பது மார்க்குதானே, யாரையாச்சும் பார்த்துக் கேட்டா போட்டுக் கொடுப்பாங்களா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது வெகுசன ஊடகத்துறை டிப்ளோமா. நானும் அந்த எண்ணை 53 விழுக்காடு என்றுதான் படித்தேன். எங்கள் அரங்கில் பேசிய நிபுணரை அழைத்து விளக்கம் கேட்ட பிறகே, பெரியவரும் நானும் ஒரே தவற்றைச் செய்திருக்கிறோம் என்று புரிந்தது. இந்த நாட்டில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் மருத்துவம் படிக்கிறார்கள். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு அவர்கள் எழுதும் தேர்வுகள் என்ன, அந்த எண்களுக்கு என்ன பொருள் என்பது வீட்டில் இருக்கும் பலருக்குத் தெரிவதில்லை. அரங்கில் பேசப்பட்டதையும், அதன் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பட்டம் முதல் படிதான்

பினாங்கில் மருத்துவக் கல்வி புதிய செய்தி அல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1979-இல் இங்கேதான் தொடங்கியது. பின்னர்தான் அது கிளந்தானின் குபாங் கெரியானுக்குப் போனது. 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. முதல் இரண்டரை ஆண்டு டப்ளினிலும் மீதி பினாங்கிலும் படிக்கும் அந்தக் கல்லூரி, 2018 முதல் ஆர்.சி.எஸ்.ஐ. – யு.சி.டி. மலேசிய வளாகம் என்று பெயர் மாறியிருக்கிறது. பக்கத்துக் கெடாவில் 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் சமூகத்துக்கு நன்கு தெரிந்த பெயர். இவை போக மணிப்பால், சென்னை, பெங்களூர் என்று இந்தியாவுக்குப் போய்ப் படித்தவர்களும் ஏராளம்.

எங்கே படித்தாலும், இங்கே மருத்துவராகப் பணி செய்ய மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். 2008 முதல் இந்தப் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, எலும்பியல் போன்ற ஆறு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் நான்கு மாதம் பணியாற்ற வேண்டும். அதை முடித்தவர் மருத்துவ அதிகாரி ஆகிறார். அவர் மருத்துவர்தான்; ஆனால் நிபுணர் அல்லர். இருதயம், கண், எலும்பு, மயக்க மருந்து என்று ஒரு துறையின் நிபுணராக வேண்டுமென்றால், அதற்குத் தனியாகப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குள் நுழைவதில்தான் கடும் போட்டி.

அரங்கில் ஒரு தாயார் எழுந்து, “என் மகன் பள்ளியில் முதல் மாணவன். இருதய நிபுணர் ஆக இத்தனை வருடமா?” என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 வயதில் பட்டம். 26 வயதில் பயிற்சிக் காலம் முடியும். சில ஆண்டு மருத்துவ அதிகாரியாகச் சேவை செய்து, 29 அல்லது 30 வயதில் நிபுணத்துவப் பயிற்சியில் இடம் கிடைத்தால், பொது மருத்துவ நிபுணராக 34 ஆகிவிடும். இருதயம் என்பது அதற்கும் மேலான உட்பிரிவு. அதற்கு மேலும் ஏறத்தாழ மூன்று ஆண்டு. இது எல்லாத் தேர்வுகளிலும் முதல் முறையே தேறியவரின் கணக்கு.

இரண்டு வழிகள்

மலேசியாவில் நிபுணராவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ முதுநிலைப் படிப்பு. இதை மருத்துவர்கள் சுருக்கமாக ‘மாஸ்டர்ஸ்’ என்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை இதில் மூத்தவை. படிப்பு பொதுவாக நான்கு ஆண்டு. சுகாதார அமைச்சின் ஊழியராக இருப்பவர், ஹாடியா லத்திஹான் பெர்செக்குத்துவான் என்னும் கூட்டரசுப் பயிற்சி உதவியோடு போகலாம்.

இரண்டாவது, ‘பேரலல் பாத்வே’ என்று சொல்லப்படும் இணைவழி. இதில் மருத்துவர் அரசு மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே, வெளிநாட்டு அரச கல்லூரிகளின் தேர்வுகளை எழுதுகிறார். பொது மருத்துவத்துக்கு எம்.ஆர்.சி.பி., குழந்தை நலத்துக்கு எம்.ஆர்.சி.பி.சி.எச்., மகப்பேற்றுக்கு எம்.ஆர்.சி.ஓ.ஜி. என்று துறைக்குத் துறை தேர்வு மாறும்.

இரண்டு வழியிலும் தேர்வு உண்டு. ஆனால் அந்தத் தேர்வு செய்யும் வேலை வேறு வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாசலும் வரிசையும்

பாலம் வருவதற்கு முன்பு, கார்கள் ஃபெரியில் ஏறிய நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டணம் கட்டினால் படகுத்துறைக்குள் போய்விடலாம். ஆனால் இந்த ஃபெரியில் ஏறுவோமா, அடுத்ததிலா என்பது அதில் எத்தனை இடம், நமக்கு முன்னால் எத்தனை கார் என்பதைப் பொறுத்தது.

தேர்வுகளும் இப்படி இரண்டு வகை. ஒன்று வாசல் தேர்வு. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் தேர்ச்சி, தாண்டாவிட்டால் இல்லை. அந்த எல்லைக்கு ஒரு புள்ளி மேலே இருந்தாலும், நூறு புள்ளி மேலே இருந்தாலும் பலன் ஒன்றே. இரண்டாவது, வரிசைத் தேர்வு. இங்கே உங்கள் மதிப்பெண் மட்டும் முக்கியம் அல்ல. உங்களுக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே உங்கள் இடத்தை முடிவு செய்யும்.

எம்.ஆர்.சி.பி. ஒரு வாசல் தேர்வு. லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ ஆகிய மூன்று இடங்களின் அரச மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து நடத்துவது. இதில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதல் பகுதி, ஒரு நாளில் இரண்டு தாள்கள்; ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், நூறு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள் கொடுத்து, மிகச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படாது. அடுத்து இரண்டாம் பகுதி எழுத்துத் தேர்வு. கடைசியாக, ‘பேசஸ்’ எனப்படும் செய்முறைத் தேர்வு. அதில் ஐந்து நிலையங்களில் நோயாளிகளைப் பார்த்து, பேசி, பரிசோதிக்க வேண்டும். நிலையத்துக்கு இருவராகப் பத்துத் தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள்.

இப்போது அந்தப் பெரியவரின் 531-க்கு வருவோம். எழுத்துத் தேர்வுகளின் மதிப்பெண் 0 முதல் 999 வரையிலான ஓர் அளவுகோலில் தரப்படுகிறது. இது விழுக்காடு அல்ல. இத்தனை கேள்விக்குச் சரியான விடை எழுதினார் என்ற எண்ணிக்கையும் அல்ல. ஆண்டுக்கு மூன்று முறை இந்தத் தேர்வு நடக்கிறது. ஒரு முறை கேள்விகள் கடினமாக அமையலாம். இன்னொரு முறை கொஞ்சம் எளிதாக அமையலாம். கடினமான தாள் எழுதியவருக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்பதற்காக, கேள்விகளின் கடினத்தைக் கணக்கிட்டு எல்லோரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த அளவுகோலில் முதல் பகுதிக்குத் தேர்ச்சிக் கோடு 540. இரண்டாம் பகுதி எழுத்துத் தேர்வுக்கு அது 454. இரண்டாம் பகுதியின் கோடு குறைவாக இருப்பதால் அது எளிது என்று பொருள் இல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். கிலோவில் நிறுத்ததையும் காத்தியில் நிறுத்ததையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாதல்லவா?

ஆகவே 531 என்பது 53 விழுக்காடு அல்ல. அது கோட்டுக்கு மிக அருகில் வந்து நின்ற எண். ஒரு சில கேள்விகளின் தூரம். அந்த இளைஞர் படிப்பில் கவனம் இழந்தவர் அல்லர். வேலை செய்துகொண்டே படித்து வாசல் வரை வந்தவர்.

‘யாரையாவது பார்த்தால் போட்டுக் கொடுப்பார்களா’ என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. முடியாது. மாணவர் யார் மகன், எந்த ஊர், எந்த இனம் என்பது விடைத்தாளைத் திருத்தும் கணினிக்குத் தெரியாது. சிபாரிசுக் கடிதம் கொண்டுபோக முடியாத பிள்ளைகளுக்கு இது ஒரு பாதுகாப்பு. இன்று ஒன்பது புள்ளி கிடைக்காமல் போனதற்காக நாம் வருத்தப்படலாம். ஆனால் அந்த ஒன்பது புள்ளியை ஆள் பார்த்து வாங்க முடியும் என்றால், அதை முதலில் வாங்குவது லாரி ஓட்டுநரின் மகனாக இருக்கமாட்டார்.

மாஸ்டர்ஸ் வழியில் மதிப்பெண்ணின் பங்கு

உள்நாட்டு முதுநிலைப் படிப்பில் வாசலும் உண்டு, வரிசையும் உண்டு. துறைவாரியாக நடக்கும் மெடெக்ஸ் என்ற முன்நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். சில துறைகளில் அரச கல்லூரிகளின் முதல் பகுதித் தேர்ச்சியும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதுவரை வாசல்.

அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வு. சுகாதார அமைச்சின் உதவியோடு போவதற்கு, எத்தனை ஆண்டு சேவை, ஆண்டுச் செயல்திறன் மதிப்பீடு எப்படி, அந்தத் துறையில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா, துறைத் தலைவர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் பார்க்கப்படும். எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்பதும் இருக்கிறது. பயிற்சி கொடுக்கும் நிபுணர்களும், பார்ப்பதற்கு நோயாளிகளும் போதுமான அளவு இருந்தால்தான் ஓர் இடத்தை உருவாக்க முடியும். அதனால் தேர்வில் தேறிய எல்லோருக்கும் அதே ஆண்டில் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இதை அறியாத பெற்றோர், “பரீட்சையில் பாஸ் என்றாய், பிறகு ஏன் சேர்க்கவில்லை?” என்று பிள்ளையைக் கேட்கிறார்கள்.

அப்படியென்றால் பட்டப்படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லையா? பாடங்களை ஊன்றிப் படித்தவருக்குப் பின்னால் வரும் தேர்வுகள் எளிதாகும். அந்த வகையில் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் எஸ்.பி.எம்.மில் எத்தனை ஏ என்று நிபுணத்துவ நேர்முகத்தில் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள். அங்கே எஸ்.பி.எம். சான்றிதழில் முக்கியமாகப் போவது ஒன்றுதான். அரசில் நிரந்தரப் பதவி பெற மலாய்மொழித் தகுதி வேண்டும். வெளிநாட்டுப் பள்ளித் தேர்வு எழுதி மருத்துவம் போக நினைக்கும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

நிரந்தரப் பதவி என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும், நிபுணத்துவப் படிப்புக்குப் போக முடியுமா என்ற கவலை வளர்ந்து, 2021 ஜூலை 26-ஆம் நாள் நாடெங்கும் ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சில நாள் முன்புதான், ஒப்பந்தக் காலம் நீட்டிக்கப்படும் என்றும், நிபுணத்துவப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக நான்கு ஆண்டு வரை நீட்டிப்புக் கிடைக்கும் என்றும் அரசு அறிவித்திருந்தது. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் திறமை இருந்தும், எழுதுவதற்கான காலமும் வேலை உறுதியும் இல்லாமல் தவித்தவர்களின் பிரச்சினை அது. மதிப்பெண்ணை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது கண்ணுக்குத் தெரியாது.

இந்தியாவில் வேறு கணக்கு

நம் உறவினர்கள் தமிழ்நாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும்போது, “என் பெண் நீட் பி.ஜி.யில் இந்த ரேங்க்” என்பார்கள். அது முழுக்க முழுக்க வரிசைத் தேர்வு. 200 கேள்வி, 800 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூட்டல். தவறான விடைக்கு ஒன்று கழித்தல். முன்வரிசையில் இருப்பவர் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் கதிரியக்கத் துறையையோ, பொது மருத்துவத்தையோ, தோல் மருத்துவத்தையோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். பின்வரிசைக்கு வருபவர் மீதமிருப்பதில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே மதிப்பெண்ணுக்குள் நிறையப் பேர் நிற்பதால், ஒரு கேள்வி தவறினாலும் வரிசையில் வெகுதூரம் பின்னால் போகலாம்.

அங்கே ‘பெர்சன்டைல்’ என்று ஒரு சொல் அடிபடும். இதுவும் விழுக்காடு அல்ல. 90 பெர்சன்டைல் என்றால், எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை விட முன்னால் இருக்கிறார் என்று பொருள். 2023-இல் முதுநிலை இடங்கள் காலியாகக் கிடந்ததால், இந்திய அரசு தகுதிக் கோட்டைப் பூஜ்யம் பெர்சன்டைலுக்கு இறக்கியது. அதாவது, தேர்வு எழுதியவர் எவரும் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம் என்றாயிற்று. மதிப்பெண் என்பது கல்லில் செதுக்கிய அளவு அல்ல. இடங்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்குவது என்பதற்கு இது ஒரு சான்று. கதிரியக்கத் துறைக்குக் கடும் போட்டி நடக்கும் அதே ஆண்டில், மருத்துவர்கள் விரும்பாத வேறு துறைகளில் இடம் காலியாகக் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை செய்யும் மருத்துவர்களுக்கு, மாநில முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. இப்படி ஒதுக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டு 31-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஓராண்டு படிப்பவரோடு, கிராமத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டு படிப்பவர் மதிப்பெண்ணில் மட்டும் எப்படிப் போட்டியிட முடியும் என்பது அதன் பின்னால் இருக்கும் நியாயம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் தோல் மருத்துவத்துக்கு நேரடியாக முதுநிலைப் படிப்பு உண்டு. மலேசியாவில் வழக்கமாக முதலில் பொது மருத்துவத்தில் தகுதி பெற்று, அதன் பிறகே தோல் மருத்துவத்துக்குப் போகிறார்கள். அங்கே நடப்பதை வைத்து இங்கே இருக்கும் பிள்ளையை எடை போடாதீர்கள்.

மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

“மதிப்பெண்ணே வேண்டாம், தேர்ச்சி மட்டும் சொன்னால் போதாதா?” என்று அரங்கில் ஒரு மாணவி கேட்டார். அமெரிக்கா அதைச் செய்து பார்த்திருக்கிறது. அங்கே மருத்துவ மாணவர்கள் எழுதும் ‘ஸ்டெப் 1’ என்ற தேர்வில் முன்பு மூன்று இலக்க மதிப்பெண் கொடுத்தார்கள். மருத்துவர் உரிமம் பெறத் தகுதி உண்டா என்று பார்க்கவே அந்தத் தேர்வு ஏற்பட்டது. ஆனால் போட்டி அதிகமுள்ள துறைகள், விண்ணப்பங்களை வடிகட்ட அந்த எண்ணையே சல்லடையாகப் பயன்படுத்தின. மாணவர்கள் வகுப்பை விட்டுவிட்டு அந்த ஒரு தேர்வுக்கே படித்தார்கள். 2022 ஜனவரி 26 முதல் அந்தத் தேர்வுக்குத் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே முடிவு தருகிறார்கள்.

போட்டி ஒழிந்ததா என்றால் இல்லை. அடுத்த தேர்வான ‘ஸ்டெப் 2’-க்கு இன்னமும் எண் உண்டு. பாரம் அங்கே நகர்ந்துவிட்டது. இடம் பத்து, கேட்பவர் ஐம்பது என்றால் எதையாவது வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எண்ணை எடுத்துவிட்டால் கல்லூரியின் பெயர், பரிந்துரைக் கடிதம், ஆராய்ச்சிக் கட்டுரை ஆகியவற்றின் எடை கூடும். அவை யாருக்கு எளிதில் கிடைக்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

அதே நேரத்தில், மதிப்பெண்ணால் அளக்க முடியாதவையும் இருக்கின்றன. எங்கள் அரங்கில் பேசிய அறுவை சிகிச்சை நிபுணர், “நடுங்காத கையை ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வால் கண்டுபிடிக்க முடியாது” என்றார். அதிகாலை மூன்று மணிக்கு நோயாளியின் மனைவியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்கிறார், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு மூத்தவரைக் கூப்பிடுகிறாரா என்பதெல்லாம் வேலையில்தான் தெரியும். பேசஸ் போன்ற செய்முறைத் தேர்வுகளும் துறைத் தலைவரின் மதிப்பீடும் இதற்காகவே இருக்கின்றன. ஆனால் ஆளுக்கு ஆள் மதிப்பீடு மாறும் என்ற குறையும் அவற்றில் உண்டு. எண்ணுக்கு இரக்கம் கிடையாது. மனிதருக்குச் சார்பு இருக்கலாம். இரண்டும் கலந்திருப்பதே ஓரளவு நியாயம் என்று அன்று பேசியவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள்.

தகுதிக்கு அங்கீகாரம் உண்டா?

தேறினால் மட்டும் போதாது. தேறிய தகுதி இந்த நாட்டில் செல்லுபடியாக வேண்டும். நிபுணர்களுக்கான தேசியப் பதிவேடு 2006-இல் தொடங்கியது. திருத்தப்பட்ட மருத்துவச் சட்டம் 2017 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த பிறகு, நிபுணராகப் பணி செய்ய அந்தப் பதிவு கட்டாயமானது. இதய, நெஞ்சக அறுவை சிகிச்சையில் இணைவழியாக எடின்பரோ அரச கல்லூரியின் தகுதி பெற்ற மருத்துவர்கள் சிலருக்கு அந்தப் பதிவு மறுக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இணைவழித் தகுதிகளை அங்கீகரிக்க வழிசெய்யும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024 ஜூலையில் நிறைவேற்றியது.

எம்.ஆர்.சி.பி. மூன்று கட்டமும் முடித்தாலே நிபுணர் ஆகிவிட்டதாக நினைக்கவும் கூடாது. அது நிபுணத்துவப் பயிற்சியின் ஒரு பகுதி. அதற்குப் பிறகும் மேற்பார்வையில் பணியாற்றிக் காட்டினால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, செலவு. அரச கல்லூரித் தேர்வுகளுக்குக் கட்டணம் பவுண்டில். எழுத்துத் தேர்வுக்குப் பல நூறு பவுண்டு. செய்முறைத் தேர்வுக்கு ஆயிரத்துக்கு மேல். ஒரு பவுண்டு ஐந்து வெள்ளிக்கும் மேல் என்பதை நினைவில் வையுங்கள். பி.டி.பி.டி.என். கடனையும் கட்டிக்கொண்டு, வீட்டுக்கும் பணம் கொடுக்கும் பிள்ளைக்கு இது சிறிய தொகை அல்ல.

இரண்டாவது, காலம். எம்.ஆர்.சி.பி. முதல் பகுதியைப் பட்டம் பெற்று ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு எழுதலாம். தேறினால் அந்தத் தேர்ச்சி ஏழு ஆண்டுக்குச் செல்லும். ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு முயற்சிகள். முதல் முயற்சியில் தவறுவது அதிசயம் அல்ல. ஆனால் ஆயத்தமில்லாமல் எழுதி முயற்சிகளை வீணடிக்கவும் கூடாது.

மூன்றாவது, துறை. எல்லோரும் இருதய நிபுணராக வேண்டியதில்லை. குடும்ப மருத்துவம், மனநலம், முதியோர் நலம், புனர்வாழ்வு மருத்துவம் எல்லாமே நிபுணத்துவத் துறைகள்தாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் எப்படி இருக்கின்றன என்று நமக்கே தெரியும். அந்த நோயாளிகளைச் சுகாதாரக் கிளினிக்கில் வைத்தே காப்பாற்றும் குடும்ப மருத்துவ நிபுணர் யாருக்கும் குறைந்தவர் அல்லர்.

நான்காவது, வீட்டுப் பேச்சு. தேர்வு தேதியை உறவினர் எல்லோருக்கும் அறிவிக்காதீர்கள். கோயிலிலும் திருமண வீட்டிலும் “ரிசல்ட் வந்துவிட்டதா?” என்று கேட்கும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான். முப்பத்தாறு மணி நேரமாகத் தூங்காமல் வந்திருக்கும் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சாப்பிட்டாயா என்பதுதான்.

அன்று இரவு அந்தப் பெரியவரிடம் நிபுணர் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெரியவர் தாளை மீண்டும் விரித்து, எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப நான் அவன ஏசினது தப்புதானே?” என்றார். இரண்டு வாரமாக மகனோடு சரியாகப் பேசவில்லையாம். மகன் அந்தத் தாளை அவரிடம் காட்டவே இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்ததை இவராக எடுத்து வந்திருக்கிறார்.

“இன்னும் எழுதலாம் ஐயா, வாய்ப்பு இருக்கு” என்றேன்.

“அது அவன் பாடு. நான் முதல்ல இந்தக் காகிதத்த எடுத்த எடத்துல வைக்கணும்” என்று சொல்லிவிட்டு, கடைசி ஃபெரிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

உங்கள் வீட்டு இழுப்பறையிலும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். எண்ணைப் பார்ப்பதற்கு முன், அது என்ன எண் என்று அதை எழுதிய பிள்ளையிடம் கேளுங்கள். அடுத்த அரங்கில் சந்திப்போம்.